பழைய நகையும் பழம்பொருளும்: கண்காட்சி மேசையில் விற்பதற்கான முழுமையான வழிகாட்டி

நாணயம், அஞ்சல்தலை, பழம்பொருள் கண்காட்சிகளில் ஆறடி மேசை ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று நாள் விற்பது தமிழ்நாட்டில் பலருக்குப் பழக்கமான தொழில். அதில் நகை வைத்திருக்கும் மேசைக்குக் கூட்டம் வரும், ஆனால் விற்பனை அதே அளவுக்கு வருவதில்லை. வருகிறவர் தண்டையைக் கையில் எடுத்ததும் "எத்தனை கிராம்?" என்பார். விற்பவரும் எடையை மட்டும் சொன்னால், அடுத்த நொடி இருவரும் அன்றைய வெள்ளி விலைக்குள் சிக்கிக்கொள்வார்கள். அதன் பெயர் என்ன, யார் எந்தக் காலத்தில் போட்டது, எப்படிச் செய்தது, எங்கே அடிபட்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் உலோக விலைக்கு மேல் ஒரு விலை பிறக்கும். கண்காட்சிக்கு முந்தைய மாதம் முழுக்க இதற்காகத்தான் உழைக்க வேண்டும்.

முதலில் கழிக்க வேண்டியவை

மேசை பதிவு செய்வதற்கு முன்பே கையிருப்பை எல்லாம் தரையில் பரப்பி, சட்டப்படி விற்க முடியாததைத் தனியே எடுங்கள்.

1972-ஆம் ஆண்டின் தொன்மைப்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு ஆன கலைப்பொருள், நகை, நாணயம் எல்லாமே தொன்மைப்பொருள். அவற்றை வியாபாரமாக விற்க இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். இது சிலைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் 1922-உடன் நின்றுவிட்டன. ஆகவே அவை எல்லாமே நூறு ஆண்டைக் கடந்தவை. உரிமம் இல்லாவிட்டால் நூறு ஆண்டுக்கு உட்பட்டதை மட்டும் மேசையில் வையுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்திருப்பவர் பழைய வெள்ளிச் செம்பைக் கேட்டால், நூறு ஆண்டு ஆனதை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது என்று விற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வயது குறைவு, ஆனால் தோற்றம் பழசு என்றால், அது தொன்மைப்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்ளும்படி சொல்லுங்கள். இல்லையென்றால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த பிறகு அவர் மாட்டிக்கொள்வார்.

புலிநகப் பதக்கம், யானைத் தந்த வளையல், கடலாமை ஓட்டுச் சீப்பு, மான்கொம்புப் பிடி போட்ட கத்தி எதையும் மேசைக்குக் கொண்டு போகாதீர்கள். தாத்தா காலத்து நகை என்ற பதில் வனவிலங்குச் சட்டத்தின் முன் நிற்காது. புலிநகம் தங்கக் கூட்டில் பதித்திருந்தாலும் இதே கதைதான்.

பாத்திரங்களில் பெயர் வெட்டு இருக்கிறதா என்று விளிம்பையும் அடியையும் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்காரர் பெயரும் ஊரும் வெட்டியிருந்தால் நல்லது. பொருளின் பூர்வீகம் அதிலேயே இருக்கிறது. "உபயம்" என்றோ ஒரு கோயிலின் பெயரோ இருந்தால் தொடாதீர்கள். தமிழகக் காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோயில் பொருள் என்று தெரிந்தும் வாங்கி விற்றவர் தப்ப முடியாது. வீடுகளில் வாங்கும்போது விற்பவர் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், பொருளின் புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

தங்கம் பற்றி ஒன்று. நகை வியாபாரிக்குப் பல மாவட்டங்களில் ஹால்மார்க்கும், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியும் கட்டாயம். 2 கிராமுக்குக் குறைந்தவை, குந்தன், போல்கி, ஜடாவு என்ற கல்பதிப்பு நகை வகைகள், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு உட்பட்ட கடை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. புதிதாக மேசை போடுகிறவர் தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வெள்ளி, தங்க முலாம், கெம்புக்கல் நகையோடு தொடங்குவதே சரி. காவல் வேலையும் பாதியாகக் குறையும்.

பொருளை அறிதல்

தேவையான கருவிகள் கொஞ்சம்தான்: 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் தராசு, வெர்னியர் அளவுகோல், வலுவான சிறு காந்தம், ஒரு டம்ளர் தண்ணீர், நூல். வாடிக்கையாளர் முன் எடை போட்டு விற்பதானால் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும்.

வெள்ளியா என்று சந்தேகம் வந்தால் உரசிப் பார்ப்பதைவிட நீரில் எடை போடுவது பொருளுக்கு நல்லது. முதலில் காற்றில் எடை எடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, பொருளை நூலில் கட்டி, டம்ளரின் அடியைத் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளி 10.49. ஜெர்மன் சில்வர் என்று பெயர் இருந்தும் வெள்ளியே இல்லாத உலோகமும், பித்தளையும் எட்டரைக்குப் பக்கத்தில் நிற்கும். 1939 வரையிலான, 11.66 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளி ரூபாயை மூழ்கவிட்டால் தராசு 1.13 அளவில் காட்டும். மிகவும் அதிகம் காட்டினால் போலி.

இந்தச் சோதனை உள்ளே வெற்றிடமோ அரக்கோ இருக்கும் நகைக்குப் பயன்படாது. பாம்படம், தண்டட்டி, பழைய காப்பு, அட்டிகையின் பின்தகடு என்று பலவற்றில் தகட்டுக்குள் அரக்கு நிரப்பித்தான் உருவம் நிறுத்தியிருப்பார்கள். கல் பதித்த கெம்பு நகையைத் தண்ணீரில் போடவே கூடாது. கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக வைத்த மெல்லிய தகட்டுக்கு ஒரு சொட்டு நீர் போனாலும் அது கறுத்து, மேலே கல் செத்துப்போன மாதிரி தெரியும். பிறகு கல்லைப் பெயர்த்துத் தகடு மாற்றினால்தான் சரியாகும். இவற்றுக்கு நகைக்கடை வீதியில் எக்ஸ்-கதிர் கருவி வைத்து டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு தூய உலோகம் என்ற அளவு) பார்க்கும் கடைக்குப் போங்கள். முலாம் போட்டிருந்தால் அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் சொல்லும். பின்புறத்தில் தேய்ந்த இடம் ஒன்றிலும் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நாணயத்தில் ஆண்டு பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு. 1940 முதல் பாதிதான் வெள்ளி, எடை அதே 11.66 கிராம். புலி படம் போட்ட 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தம் ஒட்டும். இது தெரியாமல் மூன்றையும் ஒரே கிண்ணத்தில் ஒரே விலைக்குப் போட்டால், விவரம் தெரிந்த முதல் ஆள் பழையதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். பவுன் காசு 7.98 கிராம், 22.05 மில்லிமீட்டர், 22 காரட். 1918-இல் மட்டும் பம்பாயிலும் பவுன் அடித்தார்கள். அதில் சிறிய 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். காசுமாலையில் வளையம் பற்றவைத்த காசு சேகரிப்பாளருக்கு வேண்டாம். அதை நகையாகவே விலை வையுங்கள். வளையத்தை அறுத்து எடுத்து நாணயமாக விற்கப் பார்த்தால் இரண்டு மதிப்பும் போய்விடும்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் 1616 அல்லது 1818 என்றும் மறுபக்கம் போட்ட செப்புக்காசு ஊரெங்கும் சுற்றுகிறது. கம்பெனி அப்படிக் காசு அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி மக்களின் வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கும் கும்பல்கள் கையில் வைத்திருப்பது இதைத்தான். உங்கள் மேசையில் இது இருந்தால், தெரிந்த சேகரிப்பாளர் மற்ற பொருளையும் நம்ப மாட்டார். யாராவது கேட்டு வந்தால் உட்காரவைத்து உண்மையைச் சொல்லி அனுப்புங்கள்.

வயதைக் கணிக்கத் தேய்மானம்தான் நல்ல சாட்சி. பல வருஷம் காலில் கிடந்த தண்டையின் உட்புறம் வழவழவென்று தேய்ந்து, வெளிப்புற வேலைப்பாட்டின் மேடு மினுங்கி, பள்ளம் கறுத்திருக்கும். மருந்து பூசிக் கறுக்கவைத்த புதிய வெள்ளியில் மேடு பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பு. தோட்டின் திருகையும் சுரையையும் லென்ஸில் பாருங்கள்: கையால் வெட்டிய மரை ஒழுங்கில்லாமல் இருக்கும், ஒரு தோட்டின் சுரை இன்னொரு தோட்டுத் திருகில் ஏறாது. ஜோடி மாறிப்போன தோடா என்று கண்டுபிடிக்கவும் இது உதவும். சிவப்புக்கல்லில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செயற்கை மாணிக்கம். தீப்பிழம்பில் கல் வளர்க்கும் முறை 1902-இல் வெளியானது. அதற்குப் பிந்தைய எத்தனையோ நல்ல நகையில் இந்தக் கல்தான். திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவதே பெரிய தொழிலாக இருந்திருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "செயற்கைச் சிவப்புக்கல்" என்று எழுதி வையுங்கள். உருண்டைக் குமிழ்கள் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி.

சுத்தம் செய்வதில் நடக்கும் நாசம்

நாணயத்தைத் துலக்கவே கூடாது. புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். துலக்கிய நாணயம் பளிச்சென்று இருக்கும், சேகரிப்பாளர் ஒரு பார்வையிலேயே கீழே வைத்துவிடுவார். காலத்தால் படிந்த மேற்தோல் போனால் திரும்ப வராது.

வெள்ளி நகைக்கு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பூந்திக்கொட்டைச் சாறும் மென்மையான பிரஷும் போதும். கழுவியதும் பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டுக் கறுப்பு நீக்கும் முறை இணையமெங்கும் இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் பள்ளத்தில் படிந்த கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். யாளி முகக் காப்பில் அந்தக் கறுப்பு போனால் கண்ணும் பல்லும் தெரியாமல் மொழுமொழுவென்று ஆகிவிடும். அரக்கு உள்ள நகைக்குச் சூடும் நீரும் ஆகாது; சற்றே ஈரமான துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். முத்துக்கும் அப்படித்தான்.

வைக்கும் இடமும் முக்கியம். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் வெள்ளியைக் கறுக்கவைக்கும், கந்தகம்தான் காரணம். மலிவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்கை விடும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். 78 வேக இசைத்தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அதன் அரக்கே கரைந்துவிடும். அவற்றை நிற்கவைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும், அடுக்கிப் படுக்கவைத்தால் அடித்தட்டு விரிசல் விடும்.

விலை வைத்தல்

ஒரு ஜோடி வெள்ளித் தண்டை 180 கிராம், 80 டச் என்று வையுங்கள். கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்றால் உருக்கினால் கிடைப்பது 180 × 0.80 × 100 = 14,400. இதற்குக் கீழே போகவே முடியாது. நீங்கள் 15,500-க்கு வாங்கியிருக்கிறீர்கள். மேசை வாடகை, பயணம், லாட்ஜ், சாப்பாடு சேர்த்து இரண்டு நாளுக்கு 9,000. முப்பது பொருள் விற்கும் என்று எதிர்பார்த்தால் ஒன்றின் தலையில் 300. ஆக 15,800-இல்தான் முதல் மீள்கிறது. கடைசி விலை 18,000, எழுதும் விலை 21,000. இந்தக் கடைசி விலையை வீட்டிலேயே முடிவு செய்து, உங்களுக்கு மட்டும் புரியும் குறியீட்டில் சீட்டின் பின்புறம் எழுதிவிடுங்கள். மேசையில் நாலு பேர் சுற்றி நின்று கேட்கும்போது மனக்கணக்குப் போட்டால் தவறும். வெள்ளி விலை ஏறி இறங்கும் காலத்தில் கிளம்பும் நாள் காலையில் சீட்டுகளை ஒரு முறை திருத்த வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பழைய பொருளுக்கான லாப வித்தியாச முறையைக் கணக்காளரிடம் கேளுங்கள். வாங்கியபோது கட்டிய வரியைக் (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளாமல், பொருளின் தன்மையை மாற்றாமல் விற்றால், வித்தியாசத் தொகைக்கு மட்டும் வரி. மேலே சொன்ன தண்டை 18,000-க்குப் போனால் 2,500-க்கு 3 விழுக்காடு, அதாவது 75 ரூபாய். பெங்களூரு, கொச்சி என்று வெளிமாநிலத்தில் மேசை போடுவதானால் அங்கே தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். குறைந்தது ஐந்து நாள் முன்பே விண்ணப்பியுங்கள்.

சீட்டு

ஒவ்வொரு பொருளுக்கும் சின்ன அட்டை. பெயர், உலோகம், டச், எடை, எந்த வட்டாரம், உத்தேச காலம், குறை, விலை. உதாரணத்துக்கு:

"அரைமூடி. பெண் குழந்தை அரைஞாணில் கோத்துப் போட்டது. வெள்ளி, 82 டச், 14.2 கிராம். கைவேலை, 1940-50 அளவில். வளையம் பிற்காலத்தில் மாற்றியது. ரூ. 3,200."

"வளையம் மாற்றியது" என்ற அந்த வரிதான் விற்றுக்கொடுக்கும். குறையை நீங்களே எழுதினால் வாங்குபவர் அதைத் தேடி நேரம் போக்க மாட்டார். மற்ற வரிகளையும் நம்புவார். அரக்கு நகையில் "அரக்கோடு சேர்ந்த எடை" என்று கட்டாயம் எழுதுங்கள். காலம் உறுதியில்லை என்றால் பத்து இருபது வருட இடைவெளி விட்டு எழுதலாம், "மிகப் பழமையானது" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்கு இந்தச் சந்தையில் மதிப்பே இல்லை.

மேசை

தரை வரை தொங்கும் துணி போட்டால் பெட்டிகளை அடியில் மறைக்கலாம். வெள்ளிக்குக் கருநீலம் அல்லது அரக்குச் சிவப்பு, கெம்புக்கும் முலாமுக்கும் சந்தன நிறம் எடுப்பாக இருக்கும். மண்டபத்து டியூப்லைட்டில் நகை மண் மாதிரி தெரியும். சொந்தமாக இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஐந்து மீட்டர் நீட்டிப்பு ஒயர் கொண்டு போங்கள். தங்க நிறத்துக்கு 3000 கெல்வின், வெள்ளிக்கு 4000-க்கு மேல். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கட்டாயம்: போட்டுப் பார்த்தவர்கள்தான் வாங்குகிறார்கள்.

முன்வரிசையில் 50 முதல் 500 ரூபாய் வரையிலான பொருள் வையுங்கள். சிவகாசித் தீப்பெட்டி லேபிள், காலணா அரையணாக் காசு, பழைய வாழ்த்து அட்டை. பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த அப்பா அம்மாவும் அங்கேதான் நிற்பார்கள், மேசை வாடகையை அவர்கள்தான் கட்டுகிறார்கள். நடுவே கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு பாணி காலண்டர் படம், செட்டிநாட்டு வீடுகளில் புழங்கிய ஸ்வீடன் கோக்கும்ஸ் நிறுவனத்து எனாமல் தூக்குப்போணி போன்றவை. நகை பின்வரிசையில், பூட்டிய கண்ணாடி மூடிப் பெட்டிக்குள்.

திருட்டைத் தடுக்க ஒரே வழி எண்ணிக்கை. பன்னிரண்டு குழித் தட்டில் பன்னிரண்டு பொருள். ஒன்று வெளியே போனால் குழி காலியாகத் தெரியும். ஒருவர் கையில் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். இரண்டாவது கேட்டால் முதலாவதை வாங்கி வைத்துவிட்டு எடுத்துக் கொடுங்கள். மேசைக்கு இரண்டு பேர் இல்லாமல் நகை விற்கப் போகாதீர்கள். ஒருவர் பில் எழுதக் குனியும்போது மற்றவர் பெட்டியைப் பார்க்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து வந்து மூன்று மூலையில் கேள்வி கேட்டால், "ஒரு நிமிஷம்ங்க" என்று சொல்லி முதலில் பெட்டியைப் பூட்டுங்கள். இரவில் மண்டபத்தில் காவல் உண்டு என்று சொன்னாலும் நகையை விட்டுப் போக வேண்டாம்.

வழிப்பயணத்தில் பொருள் பட்டியல், வாங்கிய சீட்டுகளின் நகல், கண்காட்சி ஒதுக்கீட்டுக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் 50,000-க்கு மேல் ரொக்கத்துக்கு ஆவணம் இல்லாவிட்டால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது பில் புத்தகம்தான் உங்கள் ஆவணம்.

விற்கும் நாள்

கதவு திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மற்ற மேசைக்காரர்கள் அப்போதே சுற்றி வருவார்கள். நல்ல வியாபாரத்தில் ஒரு பங்கு இந்த நேரத்தில் நடக்கும். அவசரப்பட்டு உங்கள் சிறந்த பொருளைத் தள்ளிவிட வேண்டாம். மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே பொருளைக் கேட்டால் விலை குறைவாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

போணி நேரத்தில் சின்னப் பொருளுக்கு ஐம்பது நூறு குறைத்துக் கொடுத்துவிடுங்கள். மேசையில் கை மாறுவதைப் பார்த்தால்தான் அடுத்தவர் நிற்பார். பிறகு பேரத்தில், "அண்ணே, கடைசி விலை சொல்லுங்க" என்றால் உடனே கடைசி விலையைச் சொல்லாதீர்கள். "எடுத்துப் பாருங்க, பிடிச்சிருந்தா பேசிக்கலாம்" என்று பொருளைக் கையில் கொடுங்கள். எடையைப் பெருக்கி "பதினாலாயிரம்தானே வருது" என்பவரிடம் வாதம் வேண்டாம். "ஆமாங்க, உருக்கினா அவ்வளவுதான். இதே வேலைப்பாட்டுல இன்னொரு ஜோடி செய்யச் சொன்னா என்ன கூலி கேப்பாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க" என்பது போதும். இரண்டு பொருள் எடுப்பவருக்கு இரண்டிலும் குறைப்பதைவிட விலை குறைந்ததில் மட்டும் நன்றாகக் குறைத்துக் கொடுப்பது மேல். மாலை நாலு மணிக்குத் திரும்பி வருபவர் வாங்கத்தான் வருகிறார், புன்னகையோடு இருங்கள்.

ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2 லட்சத்தைத் தாண்டும் விற்பனைக்கு அவருடைய பான் எண் வேண்டும். யு.பி.ஐ. என்றால் அவர் திரையைப் பார்த்து நம்பாமல் உங்கள் கணக்கில் பணம் விழுந்த செய்தியைப் பாருங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காது, இரண்டு நிறுவனத்து சிம் வைத்திருங்கள். பில்லில் சீட்டில் எழுதியதை அப்படியே, குறை உட்பட, எழுதிக் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும் நேரத்தில் முதலில் பேச்சை நிறுத்தி, தட்டு தட்டாக எண்ணிப் பட்டியலோடு சரிபாருங்கள். அதன் பிறகுதான் விளக்கை அணைக்க வேண்டும். விற்காத பொருளின் சீட்டில் பென்சிலால் எத்தனை பேர் கையில் எடுத்தார்கள், அதிகபட்சம் எவ்வளவு கேட்டார்கள் என்று குறித்துவையுங்கள். பலர் எடுத்து யாரும் வாங்காததற்கு விலை காரணம். யாருமே எடுக்காததை அடுத்த முறை வேறு இடத்தில், வேறு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கைபட்ட வெள்ளியை எல்லாம் அன்றிரவே உலர்ந்த துணியால் துடைத்து உறையில் போட்டுவிடுங்கள். நூறு பேர் விரல் வியர்வை ஒரு வாரத்தில் கறையாக எழும்பும்.